நீலமாகத் தெரிந்த இடைவெளிகள்

மார்ச் 3, செவ்வாய்

நாற்பதில் இருபத்தாறு ஸ்லைடு முடிந்தது. கழுத்து பிடித்துக்கொண்டது. ஒரு ஸ்லைடுக்கு முந்நூறு புள்ளி. ஒவ்வொரு புள்ளியிலும் குறுக்குக்கோட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்து ஒரு பொத்தானைத் தட்ட வேண்டும். மணல், மணல், களிமண், சிமெண்ட், இடைவெளி, மணல். பதினெட்டு வருடமாக இந்த ஆய்வகத்தில் என் பிழைப்பு இதுதான். ‘எங்கம்மா மணலை எண்ணுறவங்க’ என்று மகள் தன் தோழிகளிடம் சொல்கிறாளாம். சொல்லட்டும், பொய்யொன்றும் இல்லையே.

ஆனால் இந்த முறை வந்திருப்பது ஊரான் கல் இல்லை. என் வீட்டுக்காரருடைய கல்.

இவரும் இதே நிறுவனம்தான். நான் கீழே, இவர் மேல்மாடியில். பூமிக்கு அடியில் என்ன இருக்கும் என்று வரைபடம் போடுவது இவர் வேலை. ஒன்பது வருடமாக ஒரே ஆற்றைத் துரத்திக்கொண்டிருக்கிறார். இப்போது இல்லாத ஆறு. பதினாறு கோடி வருடத்துக்கு முன்னால் கடலில் கலக்குமிடத்தில் விசிறியாகப் பிரிந்து, கொண்டுவந்த மணலையெல்லாம் கொட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த மணல் இன்று மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறையாகக் கிடக்கிறது. மணலுக்கும் மணலுக்கும் நடுவே இடைவெளி மிஞ்சியிருந்தால் அதில் எண்ணெய் தங்கியிருக்கலாம். மணலை ஒட்டவைக்கும் கனிமம், நாங்கள் சிமெண்ட் என்போம், அது வளர்ந்து அடைத்திருந்தால், ஆறு எவ்வளவு பெரிதாக ஓடியிருந்தாலும் அது வெறும் கல்.

மேல்மாடியில் இவருக்குப் பட்டப்பெயர் ‘முகத்துவாரம்’. “என்ன முகத்துவாரம், கிணறு எப்போ?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். இவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்தபிறகு சிரிப்பதில்லை.

மார்ச் 4, புதன்

இன்றும் நீலம். எந்த ஸ்லைடை வைத்தாலும் நீலம்.

நீலம் என்றால் இடைவெளி. ஸ்லைடு செய்கிற பெண்ணின் கைவேலை அது. அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘தூசி’. புருவம்வரை கல்தூள் அப்பியிருக்கும், அவளே போனில் ‘தூசி பேசறேன்’ என்றுதான் சொல்வாள். கல்லைச் சீவி, நீலப் பசையில் ஊறவைத்து, கண்ணாடியில் ஒட்டி, தலைமுடியில் பாதிப் பருமன் ஆகும்வரை தேய்ப்பாள். பசை புகுந்த இடமெல்லாம் நீலமாகிவிடும். கடைசியில் ஒரு சாயத்தில் முக்கி எடுப்பாள். சுண்ணாம்புச் சிமெண்ட் இருந்தால் அது சிவந்து காட்டிக்கொடுக்கும்.

எனக்குச் சிவப்பே தட்டுப்படவில்லை. வெளிர்நீலம், நடுநடுவே கண்ணாடிச்சில்லு மாதிரி மணல். எண்ணுவதை விட்டுவிட்டு அரைமணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். தேநீர் ஆறி ஆடை படிந்துவிட்டது.

மார்ச் 6, வெள்ளி

முடிந்தது. நூற்றுக்கு இருபத்துமூன்று இடைவெளி!

இது பழைய கிணற்றுக் கல். யாரோ எப்போதோ தோண்டிப் பாதியில் கைவிட்ட கிணறு. கிடங்கில் மிஞ்சியது கையளவுத் துண்டுகள், அதுவும் விரிசல் விட்டவை. கருவியில் வைத்து அளக்க உருளையாக வெட்டினால் விரிசலில் பிளந்துபோகும். கிணற்றின் பழைய பதிவுகளை இப்படியும் படிக்கலாம், அப்படியும் படிக்கலாம். ஆகவே என் கண் ஒன்றுதான் சாட்சி.

படியேறிப் போய் இவர் மேசையில் தாளை வைத்தேன். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

“நெசமாவா?”

“நான் என்ன விளையாட்டுக்கா எண்ணினேன்?”

“இருபத்திமூணு! அந்த ஆழத்துலயா? எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்…” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்யாணமாகி இருபது வருடத்தில் இவர் கண்கலங்கி நான் பார்த்தது மகள் பிறந்த அன்று ஒருமுறை, இன்று ஒருமுறை.

பேருந்தில் வீடு வரும்வரை எனக்குக் கால் தரையில் படவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்தேன். ஒரு கனவு.

நான் மணலுக்குள் நடக்கிறேன். ஒவ்வொரு மணலும் மாடிவீடு உயரம். நடுவே சந்துகள், சந்தெல்லாம் நீல வெளிச்சம். கணுக்கால்வரை வெதுவெதுப்பான தண்ணீர், ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத தண்ணீர். சுவரைத் தொட்டேன். உயிருள்ளது மாதிரி இருந்தது. எங்கோ டிக்கென்று ஒரு சத்தம். பக்கத்துச் சுவர் ஒரு விரற்கடை முன்னால் வந்திருந்தது. பயமாக இல்லை. தூக்கக் கலக்கத்தில் குழந்தை புரண்டு படுப்பது மாதிரி, அவ்வளவுதான்.

மணல் வளரும் என்று சொன்னால் வெளியாள் யாராவது நம்புவார்களா? வளரும். ஆழத்தில் சூடான நீர், எங்கிருந்தோ கரைத்துக் கொண்டுவந்ததை மணலின் முதுகில் படியவைக்கும். மணல் எந்தக் கனிமமோ அதே கனிமம், குவார்ட்ஸ்மேல் குவார்ட்ஸ், பட்டை பட்டையாக, பக்கத்து மணலை முட்டும்வரை. அப்படி மண்ணுக்குள் கோடிக்கணக்கான வருடம் எல்லாச் சந்துகளும் மெதுவாக ஒடுங்கிக்கொண்டே இருக்கின்றன. இவருடைய ஆற்றில் மட்டும் ஒடுங்கவில்லை. ஏன் ஒடுங்கவில்லை? நல்ல கேள்விதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, எழுந்து துணி மடிக்கப் போய்விட்டேன்.

மார்ச் 11, புதன்

மேலாளர் கூட்டம் போட்டார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘அர்ஜென்ட்’. குண்டூசி வேண்டுமென்றாலும் அர்ஜென்ட் என்பார். இன்று உண்மையிலேயே அர்ஜென்ட்தான். இவருடைய கிணறு நிச்சயமாகிவிட்டது. முப்பதாம் தேதி துளையிடும் எந்திரம் போய் இறங்குகிறது. சாலை போடும் ஆட்கள் ஏற்கெனவே போயாயிற்று.

பட்டப்பெயர் சொல்லிச் சிரித்தவர்கள் வரிசையாக வந்து கைகொடுத்தார்கள். இவர் கூச்சத்தில் நெளிந்தார். “இதுக்கெல்லாம் காரணம் கீழ்மாடிதான்,” என்று என்னைக் கைகாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எதற்கு மறைக்க வேண்டும், இது என் நோட்டுதானே?

மார்ச் 13, வெள்ளி

எழுதினால் நிதானம் வரும்.

அர்ஜென்ட் படம் கேட்டிருந்தார். எந்திரத்துக்காரர்களிடம் காட்ட, கல்லின் அழகான படம் இரண்டு. சாதாரண வெளிச்சத்தில் ஒன்று, குறுக்குக் கண்ணாடி போட்டு ஒன்று. அந்தக் கண்ணாடியை நுண்ணோக்கிக்குள் தள்ளினால் கனிமம்தான் ஒளிரும். பசை நிரம்பிய இடைவெளி கன்னங்கரேலென்று இருண்டுவிடும். கல்லை எப்படிச் சுற்றினாலும் இருட்டுதான். சரி, பதினேழாம் ஸ்லைடை வைத்தேன், நீலமாக ஒரு நல்ல இடம் பிடித்தேன், கண்ணாடியைத் தள்ளினேன்.

நீலம் இருட்டவில்லை.

இளஞ்சிவப்பும் வெளிர்பச்சையுமாக மினுமினுவென்று எரிந்தது. சுற்றினேன். மினுக்கியது, அணைந்தது, மினுக்கியது. இடைவெளி மினுக்காது. இடைவெளிக்கு மினுக்கத் தெரியாது. இது கனிமம். சிமெண்ட்.

சுண்ணாம்பில் இரும்பு கலந்திருந்தால் தூசியின் சாயம் அதைச் சிவப்பாக்காது, நீலமாக்கும். முதல் வருடப் பாடம். சாயத்தின் நீலத்தைப் பசையின் நீலம் என்று எண்ணித் தள்ளியிருக்கிறேன். ஒன்றல்ல இரண்டல்ல, நாற்பது ஸ்லைடு!

சந்தேகம் வந்தால் குறுக்குக் கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டும். அதுதான் இந்த வேலையின் சட்டம். எனக்குத்தான் சந்தேகமே வரவில்லையே.

அய்யோ. இவர் தலையில் நானே மண்ணள்ளிப் போட்டேனே.

மார்ச் 14, சனி

சொல்லவில்லை.

மார்ச் 16, திங்கள்

தூசியின் பட்டறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் தேய்க்கும் எந்திரத்தை நிறுத்தினாள்.

“அக்கா, பசை இந்தத் தடவை வெளுத்துப்போச்சே. நீலப்பொடி தீர்ந்துபோய் இருந்ததை வெச்சு ஒப்பேத்தினேன். ஸ்லைடு டப்பா மூடிலயே எழுதி வெச்சேனே, பாக்கலையா?”

ஓடிப்போய் மூடியைப் பார்த்தேன். பென்சிலில் கொட்டை எழுத்து. ‘பசை வெளிர். சாயத்தோடு குழப்பிக்காதீங்க.’ முதல்நாளே மூடியைக் கழற்றிக் கவிழ்த்து, அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்திருக்கிறேன். வட்டமாகக் கறை.

“யாருக்கும் தெரியாதுக்கா,” என்றாள் தூசி. “கிணறு சரியா வரலைன்னா நூறு காரணம் சொல்வாங்க. யாரும் திரும்ப ஸ்லைடைத் தேடி வரமாட்டாங்க. அப்படியே சொல்றதா இருந்தாலும் பசை மேல பழியைப் போடுங்க. நான் வாங்கிக்கறேன்.”

எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள்! எனக்கு வெட்கமாகப் போயிற்று. எச்சரித்தவள் அவள், பழியும் அவளுக்கா? “உளறாதே” என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு வந்தேன். அதட்டியதற்கும் வருத்தமாக இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

இவர் பழைய பூட்ஸை எடுத்துப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறார். களத்துக்குப் போகும்போது போடும் பூட்ஸ். மகள் கேலி செய்கிறாள்: “அப்பா, கிணறு தோண்டப் போறீங்களா, கல்யாணத்துக்குப் போறீங்களா?” இவர் சிரிக்கிறார். வாய்விட்டு, பல்லெல்லாம் தெரிய. இந்தச் சிரிப்பை நான் எத்தனை வருடம் கழித்துப் பார்க்கிறேன்.

பூசி மெழுகிவிடலாமா? கண்ணால் எண்ணுவதில் பிழை சகஜம்தான் என்று அறிக்கையின் ஓரத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால்? ஒருவேளை கிணறு போகும் இடம் இந்தத் துண்டுகளைவிட நன்றாக இருந்தால்? பழைய கிணறு எங்கே, புதியது எங்கே. நாலு கிலோமீட்டர் தள்ளி. அடைத்திருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

இப்படியெல்லாம் வேலைக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி என்னிடம் பேசினால் என்ன செய்வேன்? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்பேன்.

மார்ச் 19, வியாழன்

மூன்று நாளாக மறுபடி எண்ணினேன். ஒவ்வொரு நீலப்புள்ளிக்கும் குறுக்குக் கண்ணாடி. தள்ளு, சுற்று, பார், தட்டு. ஏழு. நூற்றுக்கு ஏழுதான் இடைவெளி. மிச்சம் பதினாறும் இரும்புச் சுண்ணாம்பு.

கோபமாகப் பார்க்கத் தொடங்கினேன், ஆனால் பார்க்கப் பார்க்கக் கோபம் தங்கவில்லை. அந்தச் சிமெண்ட் வந்த வழி தெரிகிறது. முதலில் மணல் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. பிறகு எப்போதோ, சிப்பிகளைக் கரைத்துக்கொண்டு ஒரு வெந்நீர் மெதுவாக வந்திருக்கிறது. அவசரமே இல்லாமல், ஒரு சந்தைக்கூட விடாமல் நிரப்பிவிட்டுப் போயிருக்கிறது. என் கனவில் கணுக்கால்வரை நின்ற தண்ணீர் இதுதானோ என்னவோ.

மூன்று ஸ்லைடு மட்டும் வேறு மாதிரி. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று. அங்கே ஒவ்வொரு மணலுக்கும் பச்சையாக ஒரு மெல்லிய தோல். ஆறு கொண்டுவந்த இரும்புக் களிமண், உப்புத்தண்ணீரைத் தொடும் இடத்தில் மணலின்மேல் படியும். ஆழத்தில் அது பச்சையாக மாறும். அந்தத் தோல் போர்த்திய மணல் வளர முடியாது. சுண்ணாம்பும் எப்படியோ அங்கே எட்டவில்லை. கண்ணாடியைத் தள்ளினேன், இருட்டு. சுற்றினேன், இருட்டு. நிஜமான இடைவெளி. இருட்டைப் பார்த்துச் சிரித்தது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆனால் மொத்தமே ஒரு மீட்டர் கனம். ஒரு மீட்டருக்காக யாரும் மூன்று கிலோமீட்டர் தோண்டமாட்டார்கள்.

மார்ச் 20, வெள்ளி

எந்திரம் வர இன்னும் பத்து நாள். நாளைக்குச் சொல்லிவிடுவேன். சொல்லியே ஆகவேண்டும். சாப்பிட முடியவில்லை.

மார்ச் 21, சனி

சொல்லிவிட்டேன்.

காலையில் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது. இவர் பிழிந்து கொடுக்க, நான் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

“என்னங்க, அந்த ஸ்லைடு…”

“போட்டோ ரெடியா? அர்ஜென்ட் ரெண்டு தடவை கேட்டுட்டாரு.”

“நான் தப்பா எண்ணிட்டேன்.”

சிரித்தார். “எவ்வளவு தப்பு? இருபத்திமூணு இல்ல, இருபத்தி ரெண்டா?”

“ஏழு.”

கையில் பிழிந்த சட்டையோடு நின்றார். தண்ணீர் அவர் பாதத்தில் சொட்டிக்கொண்டே இருந்தது.

“எது அடைச்சிருக்கு?”

“இரும்புச் சுண்ணாம்பு. சாயத்துல நீலமாயிருக்கு. ஓட்டைன்னு நெனச்சிட்டேன்.”

“குறுக்குக் கண்ணாடி போட்டுப் பாக்கலையா?”

“இல்ல.”

“நீயா? புதுசா வர்றவங்களை அதுக்காகவே உண்டு இல்லைன்னு ஆக்கற நீயா?”

கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“எப்போ தெரிஞ்சது?”

“போன வெள்ளிக்கிழமை.”

அவர் எண்ணிப் பார்த்தார், விரல்விட்டு. “எட்டு நாள். எட்டு நாளா நான் பேசினதையெல்லாம் கேட்டுக்கிட்டு சும்மா இருந்தியா? பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டேனே. அப்பக்கூடச் சொல்லத் தோணலையா?”

“உங்க முகத்தைப் பாத்தா எனக்கு வாயே வரலைங்க. நீங்க அப்படிச் சிரிச்சு எத்தனை வருஷமாச்சு.”

“எனக்காகத்தான் நீலமாப் பாத்தியா?”

ஆமாம் என்றேன். அழுதுவிட்டேன். பசை, சாயம், மூடி என்று ஆயிரம் சொல்லலாம். ஆனால் உண்மை இதுதான். நீலம் வேண்டும் என்று ஆசைப்பட்டேன், நீலமாகத் தெரிந்தது.

அவர் கையிலிருந்த சட்டையை உதறி, தானே கொடியில் போட்டு, இரண்டு பக்கமும் கிளிப் மாட்டினார். பிறகு சொன்னார்: “எனக்காக எதையும் பாக்காதே. கல்லுல இருக்கிறதைப் பாரு. அதுக்காகத்தானே உன்கிட்ட குடுத்தாங்க.”

இறங்கிப் போய்விட்டார். வாளியில் பாதித் துணி அப்படியே இருந்தது.

மார்ச் 22, ஞாயிறு

வீட்டில் மூன்று பேர். பேசுவது குக்கர் ஒன்றுதான்.

மார்ச் 23, திங்கள்

அர்ஜென்டின் அறையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். “எண்ணினது நான். குறுக்குக் கண்ணாடி போடாம எண்ணினேன். பசை வெளிர்னு ஸ்லைடு செஞ்சவங்க எழுதியே குடுத்திருந்தாங்க, நான் பாக்கலை.” மனப்பாடம் செய்து வைத்திருந்ததால் நடுவில் தடுமாறவில்லை.

அர்ஜென்ட் முகம் சிவந்துவிட்டது. “மேடம், ரோடு போட்டாச்சு. மிஷின் கிளம்பப் போகுது. இப்ப வந்து சொல்றீங்க?”

பின்னாலிருந்து ஒரு குரல்: “புருஷன் கல்லைப் பொண்டாட்டிகிட்டயே குடுத்தா வேற என்ன வரும்?” யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டேனா என்றிருந்தது.

இவர் எழுந்தார். என் பக்கம் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த தன் வரைபடத்தருகே போய் நின்றார்.

“ஆறு இங்க ஓடிச்சு. இப்பவும் சொல்றேன், ஓடிச்சு. ஆனா ஓடின இடமெல்லாம் திறந்தே இருக்கணும்னு இல்ல. கிணறு வேண்டாம். வேண்டாம்னு சொன்னது நான்தான்னு எழுதிக்குங்க.”

ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வரைபடத்தைச் சுருட்டி, கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போனார். ஒன்பது வருடம் அது மாட்டியிருந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக இருந்தது.

ஏப்ரல் 2, வியாழன்

ஸ்லைடுகளை வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பி எண்ணச் சொன்னார்கள். ஏழரை. என் ஏழு சரிதான். சரியாக எண்ணியதற்கு யாரும் கைகொடுக்கவில்லை.

மூன்று மாதத்துக்கு நுண்ணோக்கி கிடையாது, கிடங்கில் கல் அடுக்கும் வேலை. இவரை வேறொரு குழுவில் போட்டுவிட்டார்கள். இவரைவிடப் பத்து வயது சின்னவனிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வீட்டில் பேச்சு உண்டு. ‘கரண்ட் பில் கட்டியாச்சா?’ ‘ஆச்சு.’ அந்த அளவில்.

ஏப்ரல் 9, வியாழன்

கிடங்கு எனக்குப் பிடித்துப்போய்விட்டது. இதை யாரிடமும் சொல்லக்கூடாது, தண்டனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீளநீளமான பெட்டிகள். பெட்டிக்குள் வரிசையாகக் கல். மேலே ஒரு கம்பி ஜன்னல், அதிலிருந்து ஒரு கீற்று வெயில் காலையில் ஒரு பெட்டிமேல் விழும், மாலைக்குள் பத்துப் பெட்டி நகரும். இன்று அது இவருடைய கல்லின்மேல் வந்தபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கல்லில் அலை இழுத்த கோடுகள். ஒன்றன்மேல் ஒன்றாக, கொஞ்சம் தடித்தும் கொஞ்சம் மெலிந்தும். ஏதோ ஒரு நாள் மதியம் கடல் உள்வாங்கியிருக்கிறது, ஆறு மெதுவாக வந்திருக்கிறது, காற்றுகூட இருந்திருக்கும். பார்க்க ஒருவரும் இல்லை. கரையில் ஒரு காலடிகூட இல்லை. அந்த மதியம் அப்படியே என் மடியில் இருந்தது.

அடைத்துப் போனதால்தான் அது உதிராமல் இருந்திருக்கிறது. சிமெண்ட் இல்லாத மணலைக் கையில் எடுத்தால் கொட்டிப்போகும். இத்தனை வருடம் சிமெண்ட் என்றாலே முகம் சுளித்திருக்கிறேன். என் பிழைப்பில் அது எப்போதும் வில்லன். பாவம்.

மகளிடம் இதைச் சொன்னேன். “அம்மா, கல்லுக்காகப் பரிதாபப்படறீங்க. அப்பாகிட்டப் போய் ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறீங்க,” என்றாள். அவள் வாய் என் வாய்தான், சந்தேகமே இல்லை.

ஏப்ரல் 11, சனி

பேசப் போனேன். “மன்னிச்சிடுங்க” என்றேன். “மன்னிக்க என்ன இருக்கு, கிணத்தையா விழுங்கிட்டே,” என்றார். சிரிப்பில்லை. ஆனால் அன்று மொட்டைமாடியில் இருந்த குரலும் இல்லை.

ஏப்ரல் 18, சனி

காலையில் பல் தேய்த்துக்கொண்டே வந்து நின்றார்.

“ரிப்போர்ட்ல எழுதியிருந்தியே, அந்தப் பச்சைத் தோல். எத்தனை ஸ்லைடுல இருந்தது?”

“மூணு.”

“கண்ணாடி போட்டுப் பாத்தியா?”

“ரெண்டு தடவை.”

“எந்த ஆழம்?”

சொன்னேன். வாயில் நுரையோடு தலையாட்டிவிட்டு, உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனார். அவ்வளவுதான். ஆனால் எனக்கு நாள் முழுக்க வேலை ஓடவில்லை. மூன்று பெட்டிக்குத் தப்பு எண் ஒட்டி, மறுபடி கிழித்து ஒட்டினேன்.

மே 6, புதன்

கிடங்குக்கு வந்தார். முதல் தடவை. வெயில் கீற்றில் தூசி பறந்துகொண்டிருந்தது (பெண் அல்ல, நிஜத் தூசி). அவர் ஆற்றின் பெட்டியைத் திறந்து கொடுத்தேன். கல்லை எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம். “ஒன்பது வருஷம் இதைக் கோடாப் போட்டிருக்கேன். தொட்டுப் பார்த்ததில்லை,” என்றார்.

போகும்போது ஒரு சின்னத் துண்டை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். விதி அனுமதிக்காது என்றேன். சரி என்று வைத்துவிட்டுப் போனார்.

மே 24, ஞாயிறு

பாதித்தூக்கம், பாதிமழை. பக்கத்து அறையில் பென்சில் சீவும் சத்தம்.

ஜூன் 14, ஞாயிறு

மதியம் கூடத்துக்குக் கூப்பிட்டார். சாப்பாட்டு மேசை முழுக்க ஒரு புது வரைபடம், பென்சிலில். அதே ஆறு. ஆனால் இந்த முறை ஆற்றை அவர் தேடவில்லை, பச்சைத் தோலைத் தேடியிருக்கிறார். ஆற்றுத் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கிற பட்டை, வடக்கிலிருந்து வளைந்து வருகிறது. அந்தப் பட்டையில் மணல் வளராமல் இருந்திருக்கும், இடைவெளி மிஞ்சியிருக்கும் என்பது கணக்கு. மேற்கே மூன்று பழைய கிணறுகள் அதற்குச் சாட்சி. கிழக்கே சாட்சி யாருமில்லை. ஆனாலும் பட்டை நீண்டுகொண்டே போயிருந்தது.

“எப்படி இருக்கு?”

அவர் முகம் மறுபடி அப்படி இருந்தது. மார்ச் மாதத்து முகம். மகள் போனிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். ‘நல்லா இருக்கு’ என்று வாய்வரை வந்துவிட்டது. நல்லாவும்தான் இருந்தது, பாதிவரைக்கும். இன்னும் ஒரு கிணற்றை இவரிடமிருந்து நான் பிடுங்க வேண்டுமா? வேறு யாராவது சொல்லட்டுமே, பார்த்துக்கொள்வார்களே.

“மேக்கால நம்பறேன்,” என்றேன். “கிழக்கால எனக்கு நம்பிக்கை வரலைங்க. அங்க கடல் ஆழம். ஆத்துக் களிமண் அவ்வளவு தூரம் போயிருக்காது. ஆசையில இழுத்திருக்கீங்க.”

அவர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் மெதுவாக எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றேன். என்ன வந்தாலும் வரட்டும் என்றுதான் நின்றேன்.

பிறகு அவர் பக்கத்து நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார். மேசை விளிம்பில் கிடந்த ரப்பரை எடுத்து என் கையில் வைத்தார்.

“எதுவரைக்கும் அழிக்கணும்? நீயே அழி,” என்றார்.

உட்கார்ந்து அழித்தேன்.